மழைக்கு நிற்காத ஆட்டம், மின்னலுக்கு நிற்கும்

2014 ஆகஸ்ட் 30, சனிக்கிழமை இரவு. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் கெயின்ஸ்வில் மைதானத்தில் அதன் ஃபுட்பால் அணிக்கு அந்த வருடத்தின் முதல் ஆட்டம். எதிரணி ஐடஹோ, நாட்டின் இன்னொரு மூலையிலிருந்து விமானம் ஏறி வந்திருக்கிறது. ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம் மின்னலால் தள்ளித் தள்ளிக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் தாமதமாகிறது. ஒருவழியாகத் தொடங்குகிறார்கள். ஐடஹோ பந்தை உதைக்கிறது, ஃபுளோரிடா வீரர் ஒருவர் அதைப் பிடித்து, ஊறிக் கிடக்கும் புல்லில் தண்ணீர் தெறிக்க 64 யார்டு ஓடுகிறார், அரங்கமே எழுந்து நின்று கத்துகிறது. உடனே மறுபடி மின்னல். எல்லோரும் உள்ளே போங்கள் என்று அறிவிப்பு வருகிறது, கொஞ்ச நேரம் கழித்து ஆட்டம் ரத்து என்று இன்னொரு அறிவிப்பு. மூன்று நான்கு மணி நேரம் கார் ஓட்டி வந்தவர்கள் அன்றைக்குப் பார்த்தது அந்த ஓர் ஓட்டத்தை மட்டும்தான்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டத்தில், வானிலை என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். வழுக்குகிற பந்து, சேறு, பனிக்குள் மறைந்துபோன கோடுகள் என்று படங்களில் பார்க்கிறோமே, அதெல்லாம் உண்மைதான். ஆனால் வானிலை ஆட்டத்தைக் கெடுப்பதைவிட ஆட்டத்தைச் சுற்றிப் பின்னியிருக்கும் கால அட்டவணையைக் கெடுப்பதுதான் பெரிய சேதம். அந்தச் சேதம் கடைசியில் டிக்கெட் வாங்கியவர் தலையில்தான் விடிகிறது.

நமக்குப் பழகிய கிரிக்கெட்டில் தூறல் விழுந்தாலே நடுவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள், மைதானப் பணியாளர்கள் தார்ப்பாயோடு ஓடி வருவார்கள். இங்கே அப்படி இல்லை. கொட்டும் மழையிலும் ஆடுவார்கள், பனி கொட்டினாலும் ஆடுவார்கள், மைனஸ் பத்திலும் ஆடுவார்கள். நிறுத்துவது மின்னல் ஒன்றுதான். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் வழிகாட்டுதல்படி மைதானத்திலிருந்து எட்டு மைலுக்குள், அதாவது சுமார் 13 கிலோமீட்டருக்குள், மின்னல் பதிவானால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரையும் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்ப வேண்டும். கடைசி மின்னலிலிருந்து முழுதாக 30 நிமிடம் கழிந்த பிறகுதான் மறுபடி ஆடலாம். இருபத்தொன்பதாவது நிமிடத்தில் ஒரு மின்னல் வெட்டினால் கடிகாரம் மறுபடி முப்பதுக்குப் போய்விடும். இடிமழை மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் இரவுகளில் ஒரு ஆட்டம் மூன்று மணி நேரம் அப்படியே தொங்குவது இதனால்தான்.

எட்டு மைல் என்பது மிகையான எச்சரிக்கையாகத் தோன்றலாம். தலைக்கு மேலே நட்சத்திரம் தெரியும், ஒரு சொட்டு மழை இருக்காது, எதற்கு விரட்டுகிறார்கள் என்று பலர் கோபப்படுவதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் மின்னல் மழை பெய்யும் இடத்தில்தான் விழும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, மேகத்தின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் பல மைல் தள்ளிப் போய்த் தெளிந்த வானத்தின் கீழேயும் தரையைத் தொடும். அதோடு எண்பதாயிரம் ஒரு லட்சம் பேரை, அதுவும் பெரும்பாலும் அலுமினிய பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை, குறுகலான படிகள் வழியாக இறக்கி உள்ளே கொண்டுபோக எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மிச்சிகன் மைதானத்தில் மட்டும் 1,07,601 இருக்கைகள். மின்னல் தலைக்கு மேல் வந்த பிறகு தொடங்கினால் பலனே இல்லை. இந்த விதியில் எனக்குத் துளியும் குறை இல்லை.

2011 செப்டம்பர் 3 அன்று நோட்டர் டேம் மைதானத்தில் இதுதான் நடந்தது. நாட்டிலேயே புகழ்பெற்ற மைதானங்களில் ஒன்று, அதன் வரலாற்றிலேயே முதல் முறையாக ரசிகர்களை வெளியேற்றினார்கள், அதுவும் ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை. சவுத் ஃபுளோரிடா 23-20 என்று ஜெயித்து முடிக்கும்போது தொடங்கி ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. அதே நாளில் மிச்சிகன், வெஸ்டர்ன் மிச்சிகன் அணிகளின் ஆட்டம் மூன்றாவது கால் பகுதியிலேயே முடித்துக்கொள்ளப்பட்டது. 2018-ல் நெப்ராஸ்காவில் புதுப் பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்டின் முதல் ஆட்டம், ஊரே காத்திருந்தது, முதல் உதையோடு நின்று ரத்தானது, கெயின்ஸ்வில்லில் நடந்த அதே கதை. 2022-ல் ஐயோவாவும் நெவாடாவும் ஆடிய ஆட்டம் மூன்று முறை நின்று நின்று நடந்து முடிந்தபோது இரவு 1:39.

சரி, இந்த முப்பது முப்பது நிமிடங்களில் ரசிகர் எங்கே போவார்? பார்வையாளர் மேடைகளுக்குக் கீழே உள்ள நடைபாதைகளுக்கு. அந்த இடம் கழிவறைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் போய் வருகிறவர்களை மனதில் வைத்துக் கட்டியது, அரங்கம் முழுவதையும் ஒரே நேரத்தில் கொள்வதற்கல்ல. தோளோடு தோள் இடிக்க நிற்க வேண்டும். வயதானவர்களுக்கு உட்கார இடம் இருக்காது, குழந்தை தூங்கி வழியும். பல மைதானங்களில் இன்னொரு வழியையும் சொல்வார்கள்: உங்கள் காருக்குப் போய் உட்காருங்கள். கார் பாதுகாப்பான இடம்தான், உலோகக் கூடு மின்சாரத்தை வெளிப்பக்கமாகவே தரைக்குக் கடத்திவிடும். ஆனால் கார் ஒரு மைல் தள்ளி யாரோ ஒருவர் வீட்டுப் புல்தரையில் நிற்கும். மழையில் அவ்வளவு தூரம் நடந்து போனவர் திரும்பி வருவாரா? பாதிப் பேர் வருவதில்லை. ஆட்டம் மறுபடி தொடங்கும்போது காலி பெஞ்சுகளுக்கு நடுவே மாணவர்கள் மட்டும் ஒரு மூலையில் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டிருப்பார்கள்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். டிக்கெட்டில் மழை வந்தாலும் வெயில் அடித்தாலும் ஆட்டம் உண்டு, பணம் திரும்பக் கிடைக்காது என்றுதான் பொதுவாகப் போட்டிருக்கும். நல்ல இருக்கைகளுக்கு டிக்கெட் விலை தவிர வருடா வருடம் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையும் கட்ட வேண்டும். ஒரு அணிக்கு வருடத்துக்கு ஆறு அல்லது ஏழு ஆட்டம்தான் சொந்த ஊரில். அந்த வார இறுதிகளில் சின்னக் கல்லூரி ஊர்களில் ஓட்டல் அறை இரண்டு மடங்கு மூன்று மடங்கு விலைக்குப் போகும், இரண்டு இரவு சேர்த்து எடுத்தால்தான் கொடுப்பார்கள். டெயில்கேட் என்று ஒரு சடங்கு இருக்கிறது, காலையிலேயே வாகன நிறுத்தத்தில் கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டி, இறைச்சி வாட்டி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் கொடுத்துச் சாப்பிடுவது. பலருக்கு ஆட்டத்தைவிட அதுதான் முக்கியம். புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் போவது அந்தக் கூடாரம்தான். அப்புறம் அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கடைக்காரர், தன் புல்தரையில் கார் நிறுத்த இடம் கொடுத்து நாலு காசு பார்க்கும் வீட்டுக்காரர், இவர்களுக்கு ஆறில் ஒன்று போனால் வருட வருமானத்தில் பெரிய ஓட்டை.

கெயின்ஸ்வில்லில் ரத்தான அந்த 2014 ஆட்டத்துக்கு ஐடஹோவுக்கு ஃபுளோரிடா 9,75,000 டாலர் கொடுப்பதாக ஒப்பந்தம். வருடத் தொடக்கத்தில் பெரிய பல்கலைக்கழகங்கள் சிறிய பல்கலைக்கழகங்களைப் பணம் கொடுத்து அழைப்பது இங்கே வழக்கம், பெரியவர்களுக்கு எளிய வெற்றி, சிறியவர்களுக்கு மற்ற விளையாட்டுகளை நடத்தவும் உதவும் தொகை. பேசிய பணத்தை ஃபுளோரிடா கொடுத்துவிட்டது, ஐடஹோ 2018-ல் மறுபடி வந்து 63-10 என்று தோற்றது.

இனி ஆட்டத்துக்குள் போவோம். மழைதான் பெரிய எதிரி என்று நினைப்போம், உண்மையில் காற்றுதான். மழையில் பந்து நனைந்தால் துண்டால் துடைக்கலாம், ஓரத்தில் காய்ந்த பந்து வைத்திருந்து மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஈரத் தரை சில நேரம் தாக்கும் அணிக்கே சாதகம்கூட, எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று பந்தோடு ஓடுகிறவருக்குத் தெரியும், துரத்துகிறவருக்குத் தெரியாது, அவர்தான் வழுக்கி விழுவார். காற்றுக்கு அப்படி மருந்து எதுவும் இல்லை. 2022 நவம்பர் 5 அன்று எவன்ஸ்டனில் ஒஹாயோ ஸ்டேட்டின் சி. ஜே. ஸ்ட்ரௌட், அப்போது நாட்டின் மிகச் சிறந்த எறிபவர்களில் ஒருவர், 26 எறிகளில் 10 மட்டுமே போய்ச் சேர்ந்து மொத்தம் 76 யார்டு. எதிரே இருந்த நார்த்வெஸ்டர்ன் அந்த வருடம் ஒரே ஒரு வெற்றி பெற்ற அணி. எறிவதை விட்டுவிட்டு ஓடி ஓடித்தான் 21-7 என்று ஒஹாயோ ஸ்டேட் தப்பித்தது.

பழைய ரசிகர்கள் பேசுவது 1950 நவம்பர் 25-ஐப் பற்றி. கொலம்பஸ் நகரில் மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் ஆடிய அந்த ஆட்டத்துக்குப் பனிக் கிண்ணம் என்றே பெயராகிவிட்டது. அன்று கிழக்கு அமெரிக்காவைத் தாக்கிய புயல் 350 பேருக்கும் மேல் பலி வாங்கியது. கொலம்பஸில் குளிர் மைனஸ் 12 டிகிரி பக்கம், கண்ணைத் திறக்க முடியாத பனிக்காற்று. மைதானத்தை மூடியிருந்த தார்ப்பாய் உறைந்து தரையோடு ஒட்டிக்கொண்டதில் அதைப் பிய்த்து எடுக்கவே பெரும்பாடு. ரத்து செய்திருந்தால் மாநாட்டுப் பட்டம் (தங்களுக்குள் ஆடும் பல்கலைக்கழகங்களின் குழுவைத்தான் மாநாடு என்கிறார்கள்) ஒஹாயோ ஸ்டேட்டுக்கே போயிருக்கும், ஆனாலும் ஆடுவது என்று முடிவெடுத்தார்கள். அந்தப் பனியில் 50,503 பேர் வந்து உட்கார்ந்தார்கள்!

ஆட்டத்தின் கணக்கைக் கொஞ்சம் சொன்னால்தான் அன்று நடந்தது புரியும். பந்து வைத்திருக்கும் அணிக்குப் பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. வழக்கமாக மூன்றில் முடியாவிட்டால் நான்காவதில் பந்தை ஓங்கி உதைத்து எதிரணியின் பக்கம் தள்ளிவிடுவார்கள், அதற்குப் பெயர் பண்ட். அன்று பந்தைக் கையில் வைத்திருப்பதே ஆபத்து, விரல் மரத்து நழுவவிட்டால் போச்சு. அதனால் கைக்கு வந்த உடனே முதல் வாய்ப்பிலேயே உதைத்து எதிரணியிடம் தள்ளி, அவர்கள் தவறு செய்யட்டும் என்று காத்திருந்தார்கள். இரண்டு அணியும் சேர்ந்து 45 பண்ட், அதில் மிச்சிகனின் சக் ஆர்ட்மன் மட்டும் 24. மிச்சிகன் ஒரு முறைகூடப் பத்து யார்டு முன்னேறவில்லை, ஒரு எறியும் கையில் சேரவில்லை, மொத்தத் தாக்குதல் 27 யார்டு. ஆனாலும் ஜெயித்தது மிச்சிகன்தான், 9-3. உதையைத் தடுத்ததில் இரண்டு புள்ளி, முதல் பாதி முடியும் தறுவாயில் இன்னொரு உதையைத் தடுத்துக் புள்ளி கிடைக்கும் கடைசிக் கோட்டுக்குள் விழுந்த பந்தின்மேல் டோனி மாம்ஸன் பாய்ந்து படுத்ததில் மீதி. ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது ஏன் உதைத்தாய், நேரத்தை ஓட்டியிருக்கலாமே என்று ஒஹாயோ ஸ்டேட் பயிற்சியாளர் வெஸ் ஃபெஸ்லரை ஊர் வறுத்தெடுத்தது, அவர் பதவி விலகினார், அடுத்து வந்த வுடி ஹேய்ஸ் 28 பருவங்கள் அங்கே கோலோச்சினார். மிச்சிகன் ரோஸ் பவுல் என்ற பருவ முடிவு ஆட்டத்துக்குப் போய் அதையும் வென்றது.

வெயிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. பனிக்கு இருக்கும் அழகு அதற்கு இல்லை, ஆனால் ஆளைக் கொல்வது அதுதான். தெற்கு மாநிலங்களில் செப்டம்பர் மதிய ஆட்டங்களில் நிழல் இல்லாத பக்கத்து மேடையிலிருந்து ரசிகர்களை முதலுதவிக் கூடத்துக்குத் தூக்கிப் போவது சகஜம். ஆட்ட நேரத்தை முடிவு செய்வது தொலைக்காட்சி நிறுவனங்கள், பெரும்பாலும் 12 நாள், சில நேரம் வெறும் 6 நாள் முன்னால்தான் அறிவிப்பார்கள். டிக்கெட் வாங்கும்போது மதிய வெயிலா இரவா என்று ரசிகருக்குத் தெரியாது. வீரர்களுக்கோ ஆபத்து ஆட்டத்தைவிடப் பயிற்சியில் அதிகம். 2018-ல் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தில் பத்தொன்பது வயது வீரர் ஒருவர் பயிற்சி ஓட்டத்தின்போது வெப்பத் தாக்குக்கு உள்ளாகி இரண்டு வாரம் கழித்து இறந்தார். பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டியில் உடனே இறக்கியிருந்தால் பிழைக்கக் கூடியது வெப்பத் தாக்கு, முதலில் குளிர்வி, அப்புறம் மருத்துவமனைக்குக் கொண்டுபோ என்பதுதான் அதற்கான சிகிச்சை முறை. அன்று அந்தத் தொட்டியில் இறக்கவில்லை. குடும்பத்துக்கு 35 லட்சம் டாலர் கொடுக்க 2021-ல் ஒப்புக்கொண்டார்கள். இதை எழுதும்போதும் மனது ஆறவில்லை.

புயல் கதையே வேறு. ஒரு வாரத்துக்கு ஓர் ஆட்டம்தான் உடம்பு தாங்கும், வருடத்துக்குப் பன்னிரண்டு ஆட்டம், எதிரணிகள் பல வருடம் முன்னாலேயே முடிவானவை. நாளைக்கு ஆடலாம், அடுத்த வாரம் ஆடலாம் என்று தள்ளிப்போட இடமே கிடையாது. 2016 அக்டோபர் 8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், மேத்யூ புயல், ஒரே சனிக்கிழமை, இரண்டு விதமான முடிவு. கெயின்ஸ்வில்லில் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் எல்எஸ்யு அணியோடு நடக்க இருந்த ஆட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். எப்போது, எங்கே ஆடுவது என்று இரண்டு பல்கலைக்கழகமும் பகிரங்கமாகச் சண்டை போட்டன. கடைசியில் இரண்டு பேரும் நவம்பர் 19-க்கு வைத்திருந்த வேறு ஆட்டங்களைக் கைவிட்டு, ஃபுளோரிடா தன் சொந்த ஊர் ஆட்டத்தையே விட்டுக்கொடுத்து லூசியானாவுக்குப் போனது. அங்கே கடைசி நொடியில் கடைசிக் கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் எல்எஸ்யு-வைத் தடுத்து 16-10 என்று வென்று மாநாட்டின் கிழக்குப் பிரிவையும் கைப்பற்றியது. கெயின்ஸ்வில் ரசிகர்களுக்கு அதை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அதே நாளில் வட கரோலினாவின் ராலியில் ஆட்டம் நடந்தது. என்சி ஸ்டேட், நோட்டர் டேம். மைதானம் குளமாக இருந்தது, ஓடுகிறவர் காலடியில் தண்ணீர் அலையடித்தது, அந்த நிலையிலும் நோட்டர் டேம் எறிபவர் 26 முறை எறிந்தார், 9 போய்ச் சேர்ந்தன, 54 யார்டு. ஆட்டத்தின் ஒரே டச்டவுன், அதாவது பந்தைக் கடைசிக் கோட்டுக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது, தடுக்கப்பட்ட பண்டிலிருந்து வந்தது, 10-3 என்று என்சி ஸ்டேட் வென்றது. மேத்யூவின் வெள்ளம் அந்த மாநிலத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரை எடுத்தது. அன்று மைதானத்தில் மின்னல் இல்லை, அதனால் விதிப்படி ஆடலாம். என்னைக் கேட்டால் அது தவறான முடிவு. மைதானம் தாங்குமா என்பது மட்டும் கேள்வி இல்லை, ஆயிரக்கணக்கானவர்களை அந்தச் சாலைகளில் வண்டி ஓட்ட வைக்கலாமா என்பதும் கேள்விதான்.

2005-ல் கத்ரீனா வந்தபோது நியூ ஆர்லியன்ஸின் டுலேன் அணி வீடில்லாமல் போய், அந்த வருடத்தின் பதினோரு ஆட்டங்களைப் பதினோரு மைதானங்களில் ஆடியது. எல்எஸ்யு-வின் கூடைப்பந்து அரங்கம் மருத்துவமனை ஆனது, சொந்த ஊரில் நடக்க இருந்த ஆட்டம் ஒன்றை அரிசோனாவுக்கு மாற்றினார்கள். 2017-ல் இர்மா புயலால் ஃபுளோரிடா ஸ்டேட் தன் ஆட்டம் ஒன்றை இழந்தது, பருவத்தின் கடைசியில் 5 வெற்றி 6 தோல்வி என்று நின்றபோது, ரத்தான அதே ஆட்டத்தை டிசம்பர் 2-ல் வைத்து 42-10 என்று வென்று ஆறாவது வெற்றியைப் பெற்றுக்கொண்டது. பொதுவாக ஆறு இருந்தால்தான் வருட முடிவு பவுல் ஆட்டங்களுக்குத் தகுதி. 1982 முதல் விடாமல் போய்க்கொண்டிருந்த அணி அது.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 2024 முதல் பன்னிரண்டு அணிகள் மோதும் இறுதிச் சுற்று, அதன் முதல் கட்டம் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பல்கலைக்கழக மைதானங்களிலேயே. முன்பெல்லாம் அந்த நேரத்துப் பெரிய ஆட்டங்கள் பெரும்பாலும் சூடான ஊர்களிலோ கூரை போட்ட அரங்குகளிலோ நடக்கும். பென் ஸ்டேட்டின் பீவர் மைதானம் நூறாயிரம் பேருக்கு மேல் கொள்ளும், ஆனால் இலையுதிர் காலத்துக்காகக் கட்டியது, குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. கொலம்பஸில் டென்னஸியும் ஒஹாயோ ஸ்டேட்டும் ஆடிய இரவில் குளிர் மைனஸ் நான்கு பக்கம். தெற்கிலிருந்து வந்த டென்னஸி வீரர்கள் சிலர் குளிருக்கு அஞ்சவில்லை என்று காட்டச் சட்டையில்லாமல் உடற்பயிற்சி செய்தார்கள், 42-17 என்று தோற்றார்கள்.

அந்த இரவு ஆட்டத்தை வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நான் படிக்க வந்த முதல் வருடம் ஞாபகம் வந்தது. நவம்பர் கடைசி, மாணவர் டிக்கெட், இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தேன், தலைக்குக் குல்லா, காலுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த சாதாரண ஷூ. குளிர் மேலே இருந்து வரும் என்று நினைத்திருந்தேன், அது கீழே இருந்து வந்தது. காங்கிரீட் தளத்திலிருந்து ஷூவின் அடி வழியாக ஏறி, இரண்டாவது கால் பகுதிக்குள் விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் என் காலைப் பார்த்தார். எழுபது வயதிருக்கும், மடியில் கம்பளி, கையில் ஃப்ளாஸ்க். தன் பைக்குள்ளிருந்து ஒரு பழைய அட்டைப்பெட்டியின் பக்கத்தைக் கிழித்து எடுத்துக் கொடுத்து, பாதத்துக்குக் கீழே போட்டுக்கொள்ளச் சொன்னார். அட்டை குளிரைத் தடுக்கும், வருடா வருடம் ஒன்று கூடுதலாகவே கொண்டு வருவேன், யாராவது ஒருவர் உன்னைப் போல வருவார் என்றார். பத்து நிமிடத்தில் கால் உயிர் பெற்றது. ஆட்டம் முடிந்ததும் அட்டையை வாங்கித் தட்டி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.